வரப்பில்லாத வயல்: லாக்ஸ்டன் கிராமத்தின் கதை

காட்சி: நவம்பர் மாதக் கடைசி. செம்மை கலந்த களிமண் வயலில் விரல் உயரத்துக்குக் கோதுமை முளைத்திருக்கிறது. டிராக்டர் இழுத்துச் செல்லும் டிரெய்லர் ஒன்றில், தடித்த மேலங்கி அணிந்த சிலர் நெருக்கமாக அமர்ந்திருக்கிறார்கள்.

குரல்:
இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷையரில் லாக்ஸ்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. இந்த டிரெய்லரில் போகிறவர்கள் அந்த ஊர் விவசாயிகள். ஆண்டு முழுவதும் தத்தம் வேலையைப் பார்க்கும் இவர்கள், இன்று ஒரு நாள் மட்டும் ஊர் மன்றத்தின் ஜூரிகளாக வயலுக்குப் போகிறார்கள். புதிதாகக் கோதுமை விதைத்த வயலில் இறங்கி நடந்து, ஒவ்வொருவருடைய நிலமும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, எல்லையில் மரமுளை அடித்துவிட்டு வருவார்கள். பொதுப் பாதையை உழுதவர், ஊர்ப் புல்தரையைக் கீறியவர், பக்கத்து நிலத்தில் ஒரு சால் கூடுதலாக ஓட்டியவர் என்று யார் தவறியிருந்தாலும் அவர் பெயர் குறித்துக்கொள்ளப்படும். அந்தப் பெயருக்கு எதிரே ஓர் அபராதத் தொகையும் எழுதப்படும்.

நிலத் தகராறு என்றால் என்ன என்று அறிந்தவர்கள் இந்தக் காட்சியைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். இங்கே வயலுக்கும் வயலுக்கும் நடுவே வரப்பு கிடையாது, வேலி கிடையாது, உயிர்வேலிச் செடி வரிசையும் கிடையாது. பெருவெளியாகக் கிடக்கும் ஒரே வயலுக்குள் பலருடைய நிலங்கள் நீளநீளப் பட்டைகளாக ஒட்டிக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் நடு இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்கள் இப்படித்தான் பயிர் செய்தன. அந்த முறை, அதை நடத்தும் மன்றத்தோடு சேர்ந்து, இன்றும் உயிரோடு இருக்கும் ஒரே ஊர் லாக்ஸ்டன். டெவன் பகுதியின் பிரான்டன் ஊரிலும் லிங்கன்ஷையரின் ஆக்ஸோம் பகுதியிலும் பட்டை நிலங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஆனால், ஊரே கூடி ஒரே பயிர்ச் சுழற்சியைப் பின்பற்றுவதும், அதை மீறியவருக்கு மன்றம் அபராதம் போடுவதும் லாக்ஸ்டனில் மட்டுமே தொடர்கின்றன.

காட்சி: வானிலிருந்து பார்க்கும்போது ஊர். ஒரே தெருவின் இருமருங்கிலும் செங்கல் வீடுகள். சுற்றிலும் மூன்று பெரிய வயல்கள்.

குரல்:
முதலில் நிலத்தின் அமைப்பைப் புரிந்துகொள்வோம். ஊரைச் சுற்றி மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்று மூன்று பெருவயல்கள் உள்ளன. ஒரு வயலில் இலையுதிர்காலத்தில் விதைக்கும் கோதுமை நிற்கும்போது, இரண்டாவது வயலில் வசந்தகாலத்தில் விதைக்கும் பார்லி போன்ற பயிர் நிற்கும். மூன்றாவது வயல் அந்த ஆண்டு ஓய்வெடுக்கும். மறு ஆண்டு கோதுமை வயலில் வசந்தப் பயிரும், வசந்தப் பயிர் நின்ற வயலில் தரிசும், தரிசு கிடந்த வயலில் கோதுமையும் என்று முறை மாறும். மூன்று ஆண்டில் ஒரு சுற்று முடியும். பழைய காலத்தில் தரிசு என்றால் முழுத் தரிசுதான். ஊர் ஆடுமாடுகள் அதில் மேய்ந்து எருவிடும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த இடத்தில் தீவனப் பயிர் போட அனுமதி வந்தது. சுழற்சி மட்டும் மாறவில்லை.

மூன்று வயலிலும் ஒவ்வொரு குடியானவருக்கும் பட்டை நிலங்கள் உண்டு. அப்படி இல்லாவிட்டால், தன் நிலம் முழுவதும் தரிசு வயலில் மாட்டிக்கொண்டவர் அந்த ஆண்டு என்ன சாப்பிடுவார்? ஆகையால்தான் ஒரே குடும்பத்தின் நிலம் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தது. இதைப் பார்த்த பிற்காலத்து வேளாண் சீர்திருத்தக்காரர்கள், ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே பொழுது கழிகிறது என்று குறை சொன்னார்கள். குறை உண்மைதான். ஆனால் பொருளாதார வரலாற்றாசிரியர் டியர்ட்ரே மெக்ளோஸ்கி வேறொரு கோணத்தைக் காட்டினார். மேட்டில் ஒரு துண்டு, பள்ளத்தில் ஒரு துண்டு என்று நிலம் பிரிந்திருந்தால், மழை மிகுந்த ஆண்டில் மேட்டுப் பயிரும், மழை குறைந்த ஆண்டில் பள்ளத்துப் பயிரும் கைகொடுக்கும். சேமிப்பும் கடனும் எட்டாத உழவருக்குச் சிதறிய நிலமே காப்பீடாக இருந்தது என்பது அவருடைய வாதம். லாக்ஸ்டனின் கனத்த களிமண்ணை, மழைக்காலத்தில் அதில் பூட்ஸ் புதையப் புதைய நடப்பவர்களை, மனத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வாதத்தின் வலிமை எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

காட்சி: பழைய ஏர் ஒன்று மண்ணைப் புரட்டும் வரைபடம். சால் நீண்டுகொண்டே போய், எருதுகள் திரும்பும் இடத்தில் நிற்கிறது.

குரல்:
பட்டை ஏன் நீளமாக இருக்கிறது? கனத்த ஏரைப் பூட்டிய எருதுகளை அடிக்கடி திருப்புவது பெருந்தொல்லை. ஆகவே, ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் இழுக்க முடியுமோ அவ்வளவு தூரம் சால் ஓட்டிவிட்டுத்தான் திருப்புவார்கள். பழைய ஆங்கிலத்தில் சாலுக்கும் நீளத்துக்கும் உரிய இரண்டு சொற்கள் சேர்ந்து ‘ஃபர்லாங்’ ஆயின. நம் தாத்தா பாட்டிமார் ‘இரண்டு பர்லாங் தூரம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே, அதே பர்லாங்தான். அது 220 கஜம், அதாவது ஏறக்குறைய 200 மீட்டர். அந்த நீளத்துக்கு 22 கஜ அகலம் சேர்ந்தால் ஒரு ஏக்கர். நம் பத்திரங்களில் எழுதப்படும் ஏக்கர் என்ற அளவும் இப்படிப்பட்ட உழவு வயலில் பிறந்ததே.

இப்போது ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் மன்றத்தின் தேவை முழுவதும் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. ஓர் ஏக்கர் பட்டையின் அகலம் 66 அடி. ஏர் ஒருமுறை ஓடினால் புரளும் மண்ணின் அகலம் ஓர் அடி என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து நிலத்துக்காரர் ஒவ்வோர் உழவிலும் ஒரே ஒரு சால் உள்ளே வந்தால், அந்த ஆண்டு அது கண்ணுக்கே தெரியாது. பத்து உழவு முடியும்போது 66 அடியில் 10 அடி போயிருக்கும். ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நிலம், ஒரு சண்டைச் சத்தமும் இல்லாமல் கைமாறியிருக்கும். வேண்டுமென்றே செய்தாலும், கவனக்குறைவாகச் செய்தாலும் இழப்பு ஒன்றுதான். வரப்பில்லாத நிலத்தில் ஆண்டுதோறும் யாராவது போய்ப் பார்த்தே ஆக வேண்டும். பார்ப்பவர் எல்லோருக்கும் பொதுவானவராக இருக்க வேண்டும்.

காட்சி: ஜூரிகளில் ஒருவர் குனிந்து எல்லையைப் பார்க்கிறார். இன்னொருவர் முளையை ஊன்றிப் பிடிக்க, மூன்றாமவர் சுத்தியலால் அடிக்கிறார்.

குரல்:
பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி, தங்களுக்கென ஒரு தலைவரோடு, கோதுமை வயலைச் சுற்றி வருகிறது. இவர்கள் வெளியூரிலிருந்து வந்த நில அளவையர்கள் அல்லர். இந்த மண்ணில் எந்த இடத்தில் நீர் தேங்கும், எந்த இடத்தில் டிராக்டர் திரும்பும்போது சக்கரம் பாதைக்குள் ஏறிவிடும், எந்தத் திருப்பத்தில் எவருக்குக் கை கொஞ்சம் நீளும் என்பதெல்லாம் அறிந்த உழவர்கள். பார்வையிடும் வேலை முடிந்ததும், ஊரிலுள்ள டவ்கோட் இன் என்ற மதுவிடுதியில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, யாருக்கு எவ்வளவு அபராதம் என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்கிறார்கள்.

அடுத்த வாரம் அதே விடுதியில் மன்றம் கூடுகிறது. அதன் பெயர் கோர்ட் லீட். இடைக்கால இங்கிலாந்தில் பண்ணைப் பிரபுக்கள் பலரின் ஆட்சிப் பகுதிகளில் இப்படி மன்றங்கள் இருந்தன. ஸ்டூவர்ட் என்ற பதவியில் பிரபுவின் சார்பாகச் சட்டம் படித்த ஒருவர் அமர்ந்து நடத்துகிறார். மன்றத்தைத் தொடங்கிவைக்க பெய்லிஃப் என்ற மன்ற ஊழியர் இருக்கிறார். நிலம் வைத்திருப்பவர்களின் பெயர்கள் கூப்பிடப்படுகின்றன. வராதவருக்குச் சில பென்ஸ் அபராதம் விதிப்பது வழக்கம். பிறகு ஜூரி தான் கண்டதை முன்வைக்கிறது. தவறியவர்களின் பெயரும் தொகையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்படுகின்றன. அதன்பின் அடுத்த ஆண்டுக்கான ஜூரி உறுதிமொழி எடுத்துக்கொள்கிறது. இந்த ஆண்டு வயலில் நின்று மற்றவரைக் குறித்தவர், வேறோர் ஆண்டில் தானே குறிக்கப்படலாம்.

தொகை சிறியது; இன்றைய பண்ணையாளர் ஒருவருக்கு அது பொருட்டே ஆகாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரும், விடுதியில் உடன் உட்காருபவரும், மாதாகோவிலில் அருகே நிற்பவரும் கேட்கும்படி ‘இன்னார் ஊர்ப் பாதையை உழுதார்’ என்று சொல்லப்படுவதன் கனம் பணத்தால் அளக்கக் கூடியதன்று. இந்த மன்றம் இவ்வளவு காலம் பயன்பட்டதற்குக் காரணம் அந்தக் கனம்தான் என்றே நான் நினைக்கிறேன்.

இதைப் பழைய பழக்கத்தின் அலங்காரம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1977ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு நீதி நிர்வாகச் சட்டத்தை இயற்றி, நாடெங்கும் எஞ்சியிருந்த பழைய பண்ணை மன்றங்களின் வழக்கு விசாரிக்கும் அதிகாரத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. அந்தச் சட்டப் பிரிவிலேயே விதிவிலக்காகப் பெயர் சொல்லப்பட்டவற்றுள் லாக்ஸ்டன் பண்ணையின் கோர்ட் லீட் ஒன்று. ஆகவே இங்கே போடப்படும் அபராதத்துக்குச் சட்டத்தின் பின்புலம் உண்டு.

காட்சி: பழைய தோல் வரைபடம் ஒன்றின் நெருக்கக் காட்சி. மெல்லிய கோடுகளாக நூற்றுக்கணக்கான பட்டைகள். நடுவே ஏர் உழுபவர், அறுவடை செய்பவர், மானைத் துரத்தும் வேட்டைக்காரர் ஆகியோரின் சிறு சிறு ஓவியங்கள்.

குரல்:
லாக்ஸ்டனின் வரலாற்றை இவ்வளவு துல்லியமாக நாம் பேச முடிவதற்கு இந்த வரைபடமே முதற் காரணம். 1635ஆம் ஆண்டில் மார்க் பியர்ஸ் என்ற அளவையாளர் இதை வரைந்தார். இன்று இது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டைகள் அதில் தனித்தனியாகக் காட்டப்பட்டுள்ளன. எந்தப் பட்டை யாருடையது, அதன் பரப்பு எவ்வளவு என்பதைச் சொல்லும் நிலப் பதிவேடும் கூடவே எழுதப்பட்டது. வரைபடத்தில் நான்கு பெருவயல்கள் உள்ளன. கிழக்கு வயல் பிற்காலத்தில் மறைந்து மூன்று மிஞ்சின. பட்டைகளின் எண்ணிக்கையும் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு பட்டைகள் பலவற்றை ஒன்றுசேர்த்துப் பெரிய பட்டைகளாக்கினார்கள்.

இந்த வரைபடத்துக்குப் பணம் கொடுத்தவர் சர் வில்லியம் கோர்டன் என்ற லண்டன் வணிகர். பார்படோஸ் தீவில் ஆங்கிலேயரின் முதல் குடியேற்றத்துக்குப் பணம் போட்டவர் அவர். லாக்ஸ்டன் வரைபடம் முடிந்த அதே 1635இல், கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியாவுடன் வாணிகம் செய்ய முதலாம் சார்லஸ் மன்னரிடம் அனுமதி பெற்ற கூட்டமைப்பும் அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. கடல் கடந்து பணம் போட்ட ஒரு மனிதர், தாம் விலைக்கு வாங்கிய ஒரு கிராமத்தில் எவர் எத்தனை சால் உழுகிறார் என்பது வரை எழுதி வைக்கச் சொன்னார். வருமானம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பிய முதலாளியின் கணக்குத்தான் அது. ஆனால் அந்தக் கணக்கில் இடம்பெற்ற எளிய குடியானவர்களின் பெயர்கள், வேறு எந்த வழியிலும் நமக்கு வந்து சேர்ந்திருக்க வாய்ப்பில்லை.

ஊரின் பழமை வரைபடத்தையும் தாண்டிப் பின்னோக்கிப் போகிறது. இங்கிலாந்தை வென்ற நார்மன் மன்னர் வில்லியம் எடுத்த நிலக் கணக்கெடுப்பான 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டில் இந்த ஊர் இருக்கிறது. ஊருக்கு வடக்கே, நார்மன் காலத்து மண்கோட்டையின் மேடும் அகழியும் புல் மூடிக் கிடக்கின்றன. ஷெர்வுட் காட்டைக் காக்கும் பொறுப்பு பெற்றிருந்த குடும்பங்களின் இருக்கை அது. தூய மிக்கேல் ஆலயத்தில் எவரிங்ஹாம் பிரபு குடும்பத்தாரின் கல்லறைச் சிலைகள் உள்ளன. அவற்றுள் ஒரு பெண்ணின் உருவம் மட்டும் கல்லில் செதுக்கப்படாமல் மரத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது.

காட்சி: தெருவிலிருந்து பார்த்தால் வீட்டின் பக்கச்சுவர் மட்டும் தெரிகிறது. கேமரா உள்ளே திரும்பினால் முற்றம், தானியக் கொட்டகை, பின்னால் நீளமான தோட்டம்.

குரல்:
ஊருக்குள் நடக்கும்போது வீடுகளைக் கவனியுங்கள். பல பண்ணை வீடுகள் தெருவை நேருக்கு நேர் பார்க்காமல், பக்கச்சுவரைத் தெருவுக்குக் காட்டி நிற்கின்றன. எல்லோருக்கும் தெருவில் வாசல் வேண்டும். எல்லோருடைய கொட்டகையும் முற்றமும் ஊருக்குள்ளேயே அடங்க வேண்டும். ஆகவே மனைகள் குறுகிய முகப்போடு பின்னோக்கி நீண்டன. இங்கிலாந்தின் மற்ற ஊர்களில் நிலம் ஒரே இடமாகச் சேர்க்கப்பட்டபோது, வசதியுள்ள பண்ணையாளர்கள் தங்கள் நிலத்தின் நடுவே வீடு கட்டிக்கொண்டு தனியாகப் போய்விட்டார்கள். லாக்ஸ்டனில் நிலம் சிதறியே கிடந்ததால், எல்லாத் திசைக்கும் நடுவில் இருக்கும் ஊர்தான் வசிக்க ஏற்ற இடமாயிற்று. பெரிய பண்ணையாளரும் நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவரும் ஒரே தெருவில் வாழ்ந்தார்கள். கூலி வேலை செய்யும் ஒருவர் சில பட்டைகளைக் குத்தகைக்கு எடுத்துத் தொடங்கி, மெல்ல மெல்லப் பண்ணையாளராக உயரும் வழியும் இந்த முறையில் திறந்திருந்தது.

பொது உரிமைகளும் உண்டு. உழுவதற்குச் சரிவு மிகுந்த, ஈரம் மிகுந்த இடங்கள் வயல்களுக்குள் புல்வெளிகளாகவே விடப்பட்டன. அவற்றை இவ்வூர் மக்கள் சைக் என்பார்கள். கோடையில் இந்தப் புல் ஏலம் விடப்படும். ஏலத் தொகை மேய்ச்சல் உரிமை உள்ளவர்களுக்குப் பங்கிடப்படும். நூற்றாண்டுகளாகக் கலப்பை படாத அந்தப் புல்தரைகளில் அரிய காட்டுப்பூக்கள் தழைத்ததால், அவை இன்று சட்டப்படி பாதுகாக்கப்படும் இயற்கைப் பகுதிகள். ஊரில் ஒரு பட்டியும் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் பவுண்டு என்பது போன்றது. அவிழ்ந்து ஓடிப் பயிரில் மேய்ந்த மாட்டை அங்கே அடைத்து, உரியவர் கட்டணம் கட்டியபின் அவிழ்த்துவிட ஒருவர் நியமிக்கப்படுவார். வேலியில்லாத ஊரில் அந்த வேலை எவ்வளவு முக்கியமானது என்று சொல்லத் தேவையில்லை.

காட்சி: இங்கிலாந்தின் வரைபடம். திறந்தவெளி வயல்கள் ஒவ்வொன்றாக வேலிகளால் மூடப்படுகின்றன.

குரல்:
மற்ற ஊர்களில் இந்த முறைக்கு என்ன ஆயிற்று? 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. அவற்றால் பாதிக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். சிதறிய பட்டைகள் ஒன்றாக்கப்பட்டன, பொது மேய்ச்சல் நிலம் தனியாருக்குப் பிரிக்கப்பட்டது, வேலிகள் எழுந்தன. விளைச்சல் கூடிய இடங்கள் உண்டு. ஒரு பசுவை ஊர்ப் புல்லில் மேய்த்துப் பிழைத்த ஏழைக் குடும்பம், அந்தப் புல்லைச் சட்டப்படி இழந்த இடங்களும் உண்டு. வேலி போடும் செலவைத் தாங்க முடியாமல் பங்கை விற்றுவிட்டு நகரத்துக்குப் போன சிறு உழவர்களை நினைக்கும்போது, விளைச்சல் கணக்கு மட்டும் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

லாக்ஸ்டன் தப்பியதற்குக் காரணம் மன்றத்தின் வலிமை மட்டும் என்று சொன்னால் அது உண்மையாகாது. ஊரின் பெரும்பகுதி பியர்பான்ட் குடும்பத்துக்கு, அதாவது பின்னாளில் மான்வர்ஸ் பிரபுக்கள் என்ற பட்டம் பெற்றவர்களுக்குச் சொந்தமாக இருந்தது. இன்னொரு பெரும் பங்கு வேறொரு பிரபு குடும்பத்திடம் இருந்தது. நிலத்தை மாற்றிக்கொண்டு ஒன்றுசேர்ப்பதில் இரு தரப்புக்கும் உடன்பாடு எட்டவில்லை. காலம் ஓடியது. வேலியடைப்பின் பேரலை ஓய்ந்தபின் பார்த்தால், நாட்டில் இப்படி ஓர் ஊர்தான் மிச்சம். அதன்பின் அதைக் காப்பது ஒரு பொறுப்பாகக் கருதப்பட்டது.

1952இல் மான்வர்ஸ் பிரபு ஊரை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். திறந்தவெளி வயல் முறை தொடர வேண்டும் என்பதற்காகவே அரசு அதை வாங்கியது. 1981இல் அமைச்சகத்திடமிருந்து கிரவுன் எஸ்டேட் என்ற அரச நில நிர்வாகத்துக்குக் கைமாறியது. 2018இல் கிரவுன் எஸ்டேட் விற்க முன்வந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. தனியார் ஒருவர் வாங்கி, முறையைக் கைவிட்டுவிட்டால் என்ன செய்வது? குத்தகைதாரர்கள் இல்லாமல் மன்றம் இல்லை; மன்றம் இல்லாமல் அந்த மூன்று வயல்கள் வெறும் கோதுமை நிலங்கள். இறுதியில் 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது. மான்வர்ஸ் பிரபுக்களின் பழைய குடும்பப் பண்ணை அதுதான். 68 ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் பழைய கைக்கே திரும்பி வந்தது.

இந்த முறையைத் தொடர்வது இன்னும் எளிதாகவில்லை. இன்றைய உழவு இயந்திரங்கள் அகலமானவை. குறுகிய பட்டையில் அவற்றைத் திருப்புவது கடினம். சிறு பண்ணையில் குடும்பம் நடத்துவது எல்லா நாட்டிலும் போலவே இங்கும் சிரமம். ஒரு குத்தகைதாரர் ஓய்வு பெறும்போது, இந்த முறையின் கட்டுப்பாடுகளை ஏற்று வருகிற அடுத்தவரைத் தேட வேண்டியிருக்கிறது. தன் வயலில் என்ன விதைப்பது என்பதைத் தான் மட்டும் தீர்மானிக்க முடியாது என்று தெரிந்தும் வருபவராக அவர் இருக்க வேண்டும்.

காட்சி: மாலை வெளிச்சம். டிரெய்லர் ஊருக்குத் திரும்புகிறது. வயலில் புதிதாக அடித்த முளையின் தலையில் சுத்தியல் பட்ட வெள்ளைத் தழும்பு.

குரல்:
ஜூரி இன்று பார்த்த இந்த வயலில் அடுத்த ஆண்டு வசந்தப் பயிர் நிற்கும், அதற்கடுத்த ஆண்டு தீவனப் புல் நிற்கும். அடித்த முளைகள் அதற்குள் மழையில் ஊறிச் சாய்ந்துவிடலாம், இயந்திரத்தில் அடிபட்டு முறிந்துவிடலாம். மூன்றாம் ஆண்டு நவம்பரில் மறுபடியும் இங்கே கோதுமை முளைத்திருக்கும்போது, வேறு பன்னிரண்டு பேர் ஒரு கட்டு முளைகளோடு இதே இடத்தில் இறங்கி, முதல் எல்லையைத் தேடத் தொடங்குவார்கள்.